தில்லையாடி வள்ளியம்மை

நமது சீர்காழியில் சித்திரைதோறும் திருமுலைப்பால் உற்சவம் நடைபெறுகிறது. குளக்கரையில் அழுத குழந்தைக்கு உமையம்மை ஞானப்பால் ஊட்டினாள் என்பது ஐதிகம். தாயின் கருணையிலிருந்தே ஞானம் பிறந்தது என்பதன்றோ இதன் கருத்து? அதைக் கொண்டாடும் நாம், மத விஷயங்களில் ஸ்திரீகளுக்கு என்ன ஸ்தானம் அளித்திருக்கிறோம்? கோலமிடவும், விளக்கேற்றவும், விரதமிருக்கவும் அவர்கள் வேண்டும். தர்மத்தைப்பற்றி ஆலோசிக்கும் சபைகளிலோ அவர்கள் குரலைக் கேட்பது அரிது. இது எவ்வளவு பெரிய பிழை என்பதை அறிய விரும்புவோர், நம் ஊருக்குத் தெற்கே திருக்கடையூரை அடுத்துள்ள தில்லையாடியின் பெயரை உலகறியச் செய்த பெண்ணின் சரிதத்தைச் சிந்திப்பாராக.

வள்ளியம்மை 1898-ம் வருஷம் தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை முனுசாமி முதலியார் அங்கே சிறு வியாபாரம் செய்துவந்தார், தாயார் மங்களம். நம் காவிரிக் கழனிகளையும் கோயில்களையும் அப்பெண் பெற்றோர் சொல்லக் கேட்டு அறிந்திருக்கலாமேயன்றி, கண்ணாற் கண்டவரல்லர்.

1913-ம் வருஷம் மார்ச்சு 14-ந் தேதி, கேப் மாகாண சுப்ரீம் கோர்ட்டில் ஜஸ்டிஸ் ஸெர்ல் ஒரு தீர்ப்பளித்தார். அங்கே வசித்த ஹாசன் ஈசப் என்னும் இந்திய முஸ்லிமின் மனைவி பாய் மரியம் கரையிறங்க அனுமதிக்கப்படவில்லை. அதிலிருந்து எழுந்தது அவ்வழக்கு. குடியேற்றச் சட்டத்தில் வரும் மனைவி என்ற ஒரு சொல்லுக்குச் செய்யப்பட்ட வியாக்கியானமே அத்தீர்ப்பு. கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான விவாகமன்றி வேறு விவாகம் செல்லாது என்பதே அதன் விளைவாயிற்று. ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்ஸிகள் ஆகிய எல்லோருடைய மனைவியரும் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவராயினர். குழந்தைகளின் வாரிசுரிமையும் ஆட்டங்கண்டது. அக்கினி சாட்சியாகவும் வேத சாட்சியாகவும் பெற்ற பந்தத்தைக் காகிதத்திலே ஒரு வரி அறுத்துவிட்டது. சட்டம் கற்றவர்கள் இதைக் கருதிப் பார்க்கவேண்டும்: சொல்லின் பொருளைக் குறுக்குவதாலேயே ஒரு சமூகத்தின் மானத்தைப் பறித்துவிடலாம்.

இதற்குமுன் காந்தியடிகள் ஸ்திரீகளைச் சிறைக்கு அழைத்ததில்லை; இப்பொழுது அழைத்தார். டிரான்ஸ்வாலிலிருந்து 11 ஸ்திரீகள் புறப்பட்டார்கள். அவர்களில் பதின்மர் தமிழர். அறுவர் கைக்குழந்தையுடன் சென்றவர். அவர்கள் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, ஒப்பந்தக்கூலி தீர்ந்தவர்கள்மேல் சுமத்தப்பட்டிருந்த மூன்று பவுன் வரியின் கொடுமையை எடுத்துரைத்தார்கள். தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அடுத்த நவம்பரில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லையை நோக்கி நடந்த மகா யாத்திரைக்கு வித்திட்டவர்கள் இந்தத் தாய்மார்களே. ஒருவர் கையிலும் ஆயுதமில்லை.

பின்னர்ப் புறப்பட்ட கோஷ்டியில் தாயாருடன் வள்ளியம்மையும் சேர்ந்தார். வயது 15. விவாகமாகாத அவருக்கு அத்தீர்ப்பினால் சொந்த நஷ்டம் ஏதுமில்லை. பிறருடைய அவமானத்தைத் தம்முடையதாகக் கருதினார். இதுவே கருணை. டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டு, மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டார். சிறைவாசத்தில் கொடிய ஜுரம் பற்றியது. விடுதலையாகி வீடு திரும்பியபோது உடல் எலும்பாகியிருந்தது. காந்தியடிகள் பார்க்க வந்து, சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என வினவினார். மீண்டும் கைது செய்தால் இப்போதே செல்லத் தயார் என்றும், தேசத்திற்காக உயிர் போவதாயினும் கவலையில்லை என்றும் அப்பெண் விடையளித்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். 1914-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி வள்ளியம்மை உயிர்நீத்தார்.

அவ்வருஷ நடுவிலேயே இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. நம்மவர் விவாகங்கள் அங்கீகரிக்கப்பட்டன. மூன்று பவுன் வரியும் ஒழிந்தது. ஒரு துரும்பளவு தீங்கும் எதிரிக்குச் செய்யாமல் பெற்ற வெற்றி இது. அதே 1914-ம் வருஷ ஜூலை முடிவில் ஐரோப்பாவில் மகா யுத்தம் மூண்டது. பெரிய ராஜ்யங்கள் நான்கு வருஷங்களில் கோடிக்கு மேற்பட்ட உயிர்களைப் பலியிட்டன. கிடைத்த சமாதானமோ இருபத்தோராண்டுகூட நிலைக்கவில்லை. பீரங்கிகள் சாதியாததை ஏழைப் பெண்களின் பொறுமை சாதித்தது. உலக சமாதானத்திற்கு வழி தேடுவோர் இவ்விரண்டையும் ஒப்புநோக்கட்டும்.

1915-ம் வருஷம் காந்தியடிகள் தில்லையாடிக்கு வந்து அம்மண்ணுக்கு மரியாதை செலுத்தினார். இன்று அங்கே நினைவு மண்டபம் நிற்கிறது. 2008-ல் தபால் முத்திரையும் வெளியாயிற்று. இவை போதுமா? வள்ளியம்மையைப் போற்றுவது மாலையிடுவதோடு முடியுமானால், அது உற்சவத்தன்று அம்மனைப் போற்றி மறுநாள் மனைவியின் வாயை அடைப்பதற்கு ஒப்பாகும்.

அப்போராட்டத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கிலிருந்து எழுந்த அநீதிக்காக ஹிந்துப் பெண்கள் சிறை சென்றார்கள். மதத்தின் மானம் காக்கப்பட்டது. மதத் துவேஷம் எழவில்லை. மதத்தின் பெயரால் கலகம் விளைப்பவர்கள் எந்நாட்டிலும் பெரும்பாலும் ஆண்களே. ஆதலால் தேசத்தொண்டர்களுக்கு நாம் சொல்வது இது: ஊர்ச் சபைகளிலும், கோயில் நிர்வாகத்திலும், மதங்களிடையே சமரசம் செய்யும் கூட்டங்களிலும் ஸ்திரீகளுக்குச் சமமான ஆசனம் அளியுங்கள். துன்பத்தைத் தாம் ஏற்றுப் பிறரைக் காக்கும் வித்தையை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நாம்தான் அவர்களிடம் கற்கவேண்டும்.