பனிமலையும் பருவமழையும்

புதுக்கோட்டைக்கும் ஆலங்குடிக்கும் இடையே அமைந்துள்ள பழம்பதி திருவரங்குளம். தொன்மையான சிவன் கோயிலால் சிறப்புற்ற அவ்வூரைச் சூழ்ந்திருப்பது வானம் பார்த்த பூமி. ஆழ்துளைக் கிணறுகள் தோன்றாத முற்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழை குளங்களையும் கண்மாய்களையும் நிரப்பினால்தான் அங்கு உழவு நடைபெறும். மழை வருமா, வராதா என்று முன்னரே அறிய முடிந்தால் எத்துணை நன்மை உண்டாகும்! அவ்வூர் உழவர் மட்டுமின்றி, பாரத நாட்டு உழவர் அனைவரும் நெடுங்காலமாக எழுப்பிவந்த வினா இது. இவ்வினாவுக்கு அறிவியல் முறையில் விடை காண முற்பட்ட முன்னோடிகளுள் ஒருவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. அவர் விடை தேடிச் சென்ற இடமோ, திருவரங்குளத்திற்கு 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இமயத்தின்மீது படிந்து கிடந்த பனிப்பரப்பு.

பிளான்போர்டு 1834ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். அவருக்கு மூத்தவர் வில்லியம் தாமஸ் பிளான்போர்டு. உடன்பிறந்தார் இருவரும் இலண்டனில் இருந்த அரசினர் சுரங்கக் கல்லூரியில் பயின்றனர். பின்னர் ஜெர்மனி நாட்டுப் பிரைபெர்க் நகரத்திலும் கல்வி கற்றனர். 1855ஆம் ஆண்டில் இருவருமே இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத் துறையில் பணியேற்றுக் கல்கத்தா வந்து சேர்ந்தனர். அப்போது ஹென்றிக்கு வயது 21.

அடுத்த ஆண்டில் ஒரிசாவிலுள்ள தால்சேர் நிலக்கரிப் பகுதியை அவர்கள் ஆராய்ந்தார்கள். அங்கே மெல்லிய வண்டற் படிவின் நடுவே பெரும் பாறைகள் புதைந்து கிடந்தன. அவற்றை அவ்விடத்திற்குக் கொணர்ந்தது யாது? நீரோட்டம் கொணர்ந்தது என்று கொள்வதற்கில்லை. பாறைகளை உருட்டவல்ல வேகமான வெள்ளம் மெல்லிய வண்டலை அவ்விடத்தில் தங்கவிடாது. ஆகவே, பண்டைக் காலத்தில் பனிக்கட்டியே அப்பாறைகளைச் சுமந்து வந்திருத்தல் வேண்டும் என அவர்கள் கருதினார்கள். வெயில் கொளுத்தும் ஒரிசாவில் பனிக்கட்டியா என்று வியப்பவர்களும் இருந்தனர். எனினும், பிற்காலத்து ஆராய்ச்சிகள் அக்கருத்தையே உறுதிப்படுத்தின. கண்ணெதிரே உள்ள சிறு அடையாளத்தைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பெரிய காரணத்தைத் தேடும் பழக்கம் பிளான்போர்டிடம் இளமையிலேயே வேரூன்றிவிட்டது.

பின்னர் அவர் தமிழகத்திற்கு வந்தார். திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களில் அலைந்து திரிந்து பாறைகளை ஆராய்ந்தார். அரியலூர்ப் பகுதியில் பழங்காலக் கடலுயிர்களின் எச்சங்கள் நிறைந்த பாறை அடுக்குகளை முறையாக வகுத்துக் காட்டியவர் அவரே. வெயிலிலும் காட்டிலும் ஓயாது உழைத்தமையால் அவருடைய உடல்நலம் குன்றியது. 1862ஆம் ஆண்டில் அவர் அத்துறையை விட்டு நீங்கிக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அவருடைய வாழ்வைத் திசை திருப்பியது ஒரு பெரும்புயல். 1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைக் கடும்புயல் தாக்கியது. கடல் பொங்கி ஆற்றின் வழியே உள்நாட்டில் புகுந்தது. கப்பல்கள் கரையில் தூக்கி எறியப்பட்டன. பல்லாயிரம் மக்கள் மாண்டனர். அப்புயல் எங்கே தோன்றியது, எவ்வழியே வந்தது என்பவற்றை ஆராயும் பணி பிளான்போர்டுக்கும் காஸ்ட்ரெல் என்பவருக்கும் கிடைத்தது. அவர்கள் குறிப்புகளைத் திரட்டி, 1866ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு பிளான்போர்டு வங்காள அரசின் வானிலை அதிகாரியாக நியமிக்கப்பெற்றார்.

வானிலையைக் குறித்துவைக்கும் வழக்கம் இந்நாட்டிற்குப் புதிதன்று. சென்னை வானாய்வு நிலையம் 1792ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. ஆயினும், ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியே குறிப்பெடுத்து வந்தது. காற்றுக்கு மாகாண எல்லை ஏது? ஓரிடத்தின் மழையை அறிய, நூறு இடங்களின் செய்தி வேண்டும். இதனை உணர்ந்த அரசினர் 1875ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறையை அமைத்து, பிளான்போர்டை அதன் முதல் தலைவராக்கினர். நாடெங்கும் உள்ள நிலையங்களில் ஒரே வகையான கருவிகளைக் கொண்டு ஒரே முறையில் வெப்பமும், காற்றழுத்தமும், மழையும் அளக்கப்படவேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

துறை தோன்றிய மறு ஆண்டே நாட்டைக் கொடும்பஞ்சம் பற்றிக்கொண்டது. தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் நினைவுகூரும் பஞ்சம் அது. 1876ஆம் ஆண்டில் தெற்கே மழை பொய்த்தது. மறு ஆண்டில் வடக்கேயும் வறட்சி பரவியது. இரண்டாண்டுகளுக்குள் 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் உணவின்றியும் நோயாலும் மடிந்தனர். மக்கள் பசித்திருக்கத் தானியம் கப்பலேறியதும், அரசினர் உதவியில் காட்டிய கடுஞ்சிக்கனமும் அத்துயரைப் பெருக்கின. மழை தவறுவதை முன்னரே அறிந்தால் தானியத்தைச் சேமித்து வைக்கலாமே என்னும் எண்ணம் அப்போது வலுப்பெற்றது. அவ்வாறு அறியும் வழியைக் காணுமாறு அரசினர் பிளான்போர்டைக் கேட்டுக்கொண்டனர்.

அவர் பல ஆண்டுக் குறிப்புகளை ஒப்பிட்டு நோக்கினார். இமயத்தின் மேற்குப் பகுதியில் குளிர்காலத்திலும் இளவேனிலிலும் மிகுதியாகப் பனி பெய்த ஆண்டுகளில், வடமேற்குச் சமவெளிகளில் பருவமழை குறைவதைக் கண்டார். எங்கோ மலைமேல் விழும் பனிக்கும் வயலில் விழும் மழைக்கும் என்ன தொடர்பு?

அடுப்பின்மீது பாத்திரத்தில் பனிக்கட்டியை வைத்தால், அது முழுதும் உருகித் தீரும்வரை நீர் நன்கு சூடேறுவதில்லை. மலையிலும் அவ்வாறே நிகழ்கின்றது. கதிரவன் ஒளியில் பெரும்பகுதியை வெண்பனி திருப்பி அனுப்பிவிடுகின்றது. எஞ்சிய வெப்பமும் பனியை உருக்குவதிலேயே செலவாகின்றது. ஆதலால் நிலம் காலந்தாழ்ந்து சூடேறுகின்றது. அதன்மேல் உள்ள காற்றும் குளிர்ந்து கனத்திருக்கின்றது. அங்கிருந்து வறண்ட காற்று சமவெளியில் பரவுகின்றது. கோடையில் நிலம் நன்கு காய்ந்தால்தான் அதன்மேலுள்ள காற்று மேலெழும்; கடலிலிருந்து ஈரக்காற்று விரைந்து வரும். நிலம் காயாவிடின் பருவக்காற்றின் வலிமை குன்றும். இதுவே பிளான்போர்டு கண்ட தொடர்பு.

1882ஆம் ஆண்டு முதல் 1885ஆம் ஆண்டு வரை, மலைப்பனியை அடிப்படையாகக் கொண்டு அவர் மழைக் கணிப்புகளை வெள்ளோட்டமாக வெளியிட்டார். 1884ஆம் ஆண்டில் தம் கருத்தை இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் விளக்கி எழுதினார். வெள்ளோட்டக் கணிப்புகள் நம்பிக்கை அளித்தமையால், 1886ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் இந்தியாவுக்கும் பர்மாவுக்குமான முதல் முறையான பருவமழைக் கணிப்பு வெளியாயிற்று. ஒரு பருவம் முழுவதற்கும் முன்கூட்டியே மழையைக் கணித்துரைக்கும் மரபு இந்நாட்டில் இவ்வாறு தொடங்கியது.

பணியிலிருந்து ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பிய பிளான்போர்டு, 1889ஆம் ஆண்டில் இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் தட்பவெப்பத்தைப் பற்றிச் சிறந்த நூலொன்றை வெளியிட்டார். 1893ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் போக்ஸ்டன் என்னும் ஊரில் காலமானார்.

அவர் கண்ட விதி எல்லாக் காலத்திற்கும் பொருந்தியதா? இல்லை. 1899ஆம் ஆண்டில் நல்ல மழை பெய்யும் என்று துறையினர் கணித்தனர். ஆனால் கொடிய வறட்சியே வந்தது. பின்வந்த கில்பர்ட் வாக்கர் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் காற்றழுத்தமும் நம் மழையோடு தொடர்புடையது என்று கண்டார். 1976ஆம் ஆண்டில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள், ஆசிய ஐரோப்பியக் கண்டங்களின் பனிப்பரப்பு மிகுந்த ஆண்டுகளில் பருவமழை குன்றும் போக்கினை மீண்டும் எடுத்துக்காட்டினர். பனி ஒரு காரணம். அதுவே முழுக் காரணம் ஆகாது. மேலும், பிளான்போர்டின் விதி தென்மேற்குப் பருவமழையைப் பற்றியது. திருவரங்குளத்துக் கண்மாய்களைப் பெரிதும் நிரப்பும் வடகிழக்குப் பருவமழைக்கு அதனை அப்படியே பொருத்துதல் இயலாது. எனினும், பல இடத்துச் செய்திகளை ஒருங்கே கூட்டி மழையை ஆராயும் முறை எந்தப் பருவத்திற்கும் பொதுவானது.

இந்நாளில் காசுமீரத்துக் குல்மார்க்கிலும், உத்தராகண்டத்து அவுலியிலும் பனிச்சறுக்கு விளையாட வருவோர், எவ்வளவு பனி பெய்யும் என்று அறிவதில் ஆவல் கொள்கின்றனர். அவர்களுக்குப் பனி களிப்பைத் தருவது. பிளான்போர்டோ அதே இமயப் பனியில், தொலைதூரத்து ஏழை உழவனின் உணவுப் பானை நிறையுமா என்பதைத் தேடினார்.

அவருடைய வாழ்வு நமக்கு இரு பாடங்களைக் கற்பிக்கின்றது. பொறுமையாக அளந்து குறிக்கப்படும் சிறு செய்தியும் ஒருநாள் பெரும்பயன் தரும் என்பது ஒன்று. வரும் துன்பத்தை முன்னறிதல் மட்டும் போதாது. அறிந்தபின் பசித்தோர்க்கு உணவளிக்கும் அருளும் வேண்டும் என்பது மற்றொன்று. அறிவும் அருளும் கூடிய நாட்டில் மழை பொய்த்தாலும் மக்கள் மடியார்.