கதையால் அறம் வளர்த்த வேதநாயகர்

காதல் கதைகளை வாசித்தால் பிள்ளைகளின் மனம் கெட்டுவிடும் என அஞ்சும் பெற்றோர் தம்புள்ளையிலும் உண்டு. அவர்கள் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வாழ்வை அறிதல் நன்று.

1826இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த இவர், மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றினார். 1859இல் நீதிநூலை வெளியிட்டார். தேவமாதாவின் மீது அந்தாதியும் பாடினார். ஆயினும் செய்யுள் மட்டும் போதாது, மக்கள் விரும்பிப் படிக்கும் உரைநடையிலும் அறத்தைச் சொல்லவேண்டும் எனக் கருதினார். அதன் கனியே 1879இல் அச்சேறிய தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம். அதில், கணவனைப் பிரிந்த ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு அவனைத் தேடிச் செல்கிறாள். நாடாளும் நிலைக்கு உயர்ந்து, சிறையுண்ட கணவனை மீட்கிறாள். அவர்களது அன்பின் இனிமையில் திளைக்கும் வாசகர், தாம் அறியாமலே இல்லறப் பிரமாணிக்கத்தையும் நேசிக்கத் தொடங்குகின்றனர்.

எழுதிய அறத்தை அவர் வாழ்ந்தும் காட்டினார். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் தம் பொருளை ஈந்து ஏழைகளின் பசி தீர்த்தார். 1889இல் இறைவனடி சேர்ந்தார்.

நம் ஆண்டவரும் விண்ணரசை உவமைக் கதைகளால் உணர்த்தினார் அன்றோ? ஆகவே பெற்றோரே, கதைகளைத் தடுக்காதீர்கள். நல்லவற்றைத் தேர்ந்து பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள்.