பள்ளி தேடிக் கடல் கடந்தவர்

இன்று நம் நாட்டில் விமானி ஆக விரும்பும் ஒருவர் பயிற்சிப் பள்ளி ஒன்றை நாடிச் செல்லலாம். உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் இந்திரா காந்தியின் பெயரால் அமைந்த அரசுப் பயிற்சிக் கழகம் உள்ளது. வணிக விமானி உரிமம் பெறுவதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகுதிதான். ஆயினும், நிறத்தைக் காட்டியோ பெண் என்று சொல்லியோ பள்ளியின் வாயிலில் எவரும் தடுப்பதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நிலைமை வேறாக இருந்தது. அந்நாளில் அங்கே வாழ்ந்தவர் பெஸ்ஸி கோல்மன்.

இவர் 1892ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தில் அட்லாண்டா என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்குப் பதின்மூன்று மக்கள். அவர்களுள் பெஸ்ஸி பத்தாமவர். தாய் கறுப்பினத்தவர். தந்தை கறுப்பின மரபும் அமெரிக்கப் பழங்குடி மரபும் கலந்தவர். பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டு வாழ்ந்த குடும்பம் அது. கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட ஓரறைப் பள்ளிக்குப் பெஸ்ஸி நாள்தோறும் நான்கு மைல் நடந்து சென்றார். பருத்தி வெடிக்கும் காலம் வந்துவிட்டால் படிப்பு நின்றுவிடும். பிள்ளைகள் அனைவரும் வயலுக்குச் சென்றாக வேண்டும். கணக்கில் வல்லவரான பெஸ்ஸியே குடும்பத்தின் கணக்குப்பிள்ளையாகவும் இருந்தார். அவருக்கு ஒன்பது வயதானபோது தந்தை குடும்பத்தைப் பிரிந்து ஓக்லஹோமாவுக்குச் சென்றார். அதன்பின் தாயின் உழைப்பே குடும்பத்தைத் தாங்கியது.

சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு லாங்ஸ்டன் என்னும் ஊரிலிருந்த கல்லூரியில் பெஸ்ஸி சேர்ந்தார். ஒரு பருவம் முடிந்ததும் பணம் தீர்ந்துபோயிற்று, ஊர் திரும்பினார். இருபத்து மூன்றாம் வயதில் தமையன்மார் வாழ்ந்த சிகாகோ நகருக்குச் சென்று, முடிதிருத்தகம் ஒன்றில் வாடிக்கையாளரின் நகங்களைச் சீர்செய்து மெருகூட்டும் வேலையைச் செய்தார். முதல் உலகப் போரில் பங்குகொண்டு பிரான்சிலிருந்து திரும்பிய தமையன் ஜான், அந்நாட்டுப் பெண்கள் விமானம் ஓட்டுவதைச் சொல்லித் தங்கையைச் சீண்டினார். விளையாட்டாகச் சொன்ன சொல்லைத் தங்கை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்கப் பள்ளிகளில் அவர் தட்டிய கதவு எதுவும் திறக்கவில்லை. சிகாகோ டிஃபெண்டர் என்னும் வார ஏட்டின் நிறுவனரான ராபர்ட் அபாட், பிரான்சுக்குச் சென்று கற்குமாறு அவருக்கு அறிவுரை கூறினார். அதற்கு முதலில் மொழி வேண்டும். பகலெல்லாம் உழைத்த அப்பெண் சிகாகோவிலேயே பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தார். தாய்மொழி அல்லாத ஒரு மொழியை எழுத்துக்கூட்டிப் படிப்பது எத்தகைய பொறுமையைக் கேட்கும் என்பது இவ்வகுப்பில் தமிழை விருப்பப் பாடமாக எடுத்துப் பயிலும் உங்களுள் பலருக்குத் தெரியும். 1920ஆம் ஆண்டு நவம்பரில் பெஸ்ஸி கப்பல் ஏறினார்.

வடபிரான்சில் சோம் ஆற்றின் முகத்துவாரத்தில் லெ குரொத்துவா என்னும் ஊர் இருக்கிறது. அங்கே கோத்ரோன் சகோதரர்கள் நடத்திய பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது. பயிற்சிக்கு வாய்த்தது நியூபோர் வகை இரட்டை இறக்கை விமானம். மரச்சட்டமும் துணியுமாய் அமைந்த பொறி அது. இன்றைய விமானங்களில் உள்ளது போன்ற திருப்புசக்கரம் அதில் இல்லை, தடையும் இல்லை. கைக்கு ஒரு தடி. காலுக்கு ஒரு குறுக்குக்கட்டை. தடியை முன்னும் பின்னும் அசைத்தால் விமானத்தின் மூக்கு தாழும், உயரும். பக்கவாட்டில் அசைத்தால் விமானம் சாயும். குறுக்குக்கட்டையை மிதித்தால் வாலிலுள்ள சுக்கான் திரும்பும். இயந்திரத்தின் இரைச்சலில் பயிற்றுநர் சொல்வது காதில் விழாது. ஆகவே பயிற்றுநரின் தடி அசையும்போது தன் தடியும் உடன் அசைவதைக் கையால் உணர்ந்து மாணவர் கற்க வேண்டும். தரையிறங்கிய பின் வாலின் அடியிலுள்ள கட்டை மண்ணில் உராய்ந்துதான் விமானம் நிற்கும். உடன் பயின்ற ஒருவர் விபத்தில் இறந்ததைப் பெஸ்ஸி நேரில் கண்டார். எனினும் பயிற்சியைக் கைவிடவில்லை. 1921ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பின் உரிமம் அவருக்கு வழங்கப்பட்டது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுள் விமானி உரிமம் பெற்ற முதல்வர் அவரே.

உரிமம் கிடைத்தது, பிழைக்க வழி கிடைக்கவில்லை. வானில் குட்டிக்கரணம் போட்டும் சுழன்றும் காட்டும் சாகசக் காட்சியே அந்நாளைய விமானிகளுக்கு வருவாய் தந்தது. அதற்காக மீண்டும் ஐரோப்பா சென்று மேற்பயிற்சி பெற்றார். 1922ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் நியூயார்க்கின் லாங் தீவில் தம் முதற்காட்சியை நிகழ்த்தினார். மறு ஆண்டு கலிஃபோர்னியாவில் அவர் ஓட்டிய விமானம் வீழ்ந்தது. கால் முறிந்தது, விலா எலும்புகளும் முறிந்தன. உடல் தேறியதும் மீண்டும் பறந்தார்.

காட்சிகளில் சேர்ந்த பணத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ள எண்ணவில்லை. கறுப்பின ஆண்களும் பெண்களும் கடல் கடக்காமலே கற்பதற்கு ஒரு விமானப் பள்ளியை நிறுவ விரும்பினார். ஊர் ஊராகச் சென்று பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் சொற்பொழிவு ஆற்றினார். ஃபுளோரிடாவில் அழகு நிலையமும் நடத்தினார். பணத்தேவை மிகுந்திருந்த அக்காலத்திலும், அவர் வளர்ந்த வாக்சஹாச்சி ஊரில் வெள்ளையருக்கு ஒரு வாயில், கறுப்பருக்கு வேறு வாயில் என்று ஏற்பாடு செய்தபோது, பறக்க மறுத்தார். ஒரே வாயில் வழியாக இரு சாராரையும் அனுமதிக்க ஒப்புக்கொண்டனர். உள்ளே இருக்கைகள் மட்டும் பிரிந்தே இருந்தன. அரைகுறை வெற்றிதான், ஆயினும் அந்நாளில் அவ்வூரில் அதுவே பெரிது.

1926ஆம் ஆண்டு ஏப்ரல் 30. ஜாக்சன்வில் நகரில் மறுநாள் நிகழவிருந்த காட்சிக்கு ஒத்திகை பார்க்கப் பெஸ்ஸி புறப்பட்டார். பொறியாளர் வில்லியம் வில்ஸ் விமானத்தை ஓட்டினார். அது பழைய ஜென்னி வகை விமானம். டெக்சாசிலிருந்து வரும் வழியிலேயே பழுதாகி இறங்க நேர்ந்தது. வான்குடையுடன் குதிப்பதற்கு ஏற்ற இடத்தைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்ததால் பெஸ்ஸி இருக்கைப் பட்டையை அணியவில்லை. விமானம் திடீரெனத் தலைகீழாய்ப் பாய்ந்து சுழன்றது. அவர் வெளியே வீசப்பட்டு இறந்தார், வில்ஸும் பிழைக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பொறிக்குள் ஒரு ஸ்பேனர் சிக்கியிருந்தது பின்னர்த் தெரியவந்தது. பெஸ்ஸிக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. பள்ளிக்கு ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1929இல், வில்லியம் பவல் என்பவர் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பெஸ்ஸி கோல்மன் பெயரால் விமானக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். சிகாகோவில் கார்னீலியஸ் காஃபியும் வில்லா பிரவுனும் பின்னாளில் ஒரு விமானப் பள்ளியை நடத்தினர். அதில் பயின்றோருள் சிலர் இரண்டாம் உலகப் போரில் பறந்த டஸ்கீகீ விமானிகளாயினர். 1931 முதல் சிகாகோவின் கறுப்பின விமானிகள் ஆண்டுதோறும் லிங்கன் இடுகாட்டின் மேலே பறந்து, பெஸ்ஸியின் கல்லறை மீது மலர் தூவினர்.