கதர் போட்டதால் பறிபோன டாக்டர் பட்டம்! ரத்தப் புற்றுக்கு மருந்து தந்த சுப்பாராவ்

குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு முதன்முதலில் பலன் தந்த மருந்தைச் செய்தவர், நம்ம சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர்!

பெயர் எல்லாப்ரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னையில் படித்து, மெட்ரிக் தேறியதே 3-வது தடவைதான். காந்தி சொல் கேட்டு ஆபரேஷன் அறைக்கும் கதர் அங்கி போட்டுப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு வந்ததே கோபம்! எம்.பி.பி.எஸ். போச்சு; எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

2 சகோதரர்கள் பலி

வீட்டிலும் இடி. ஸ்ப்ரூ என்ற குடல் நோய். தின்றது உடம்பில் ஒட்டாது; வயிற்றாலே போய், ரத்தம் சுண்டிவிடும். சகோதரர்கள் 2 பேர் பலி. இவரையும் பிடித்தது. ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார்.

அமெரிக்கா போனவர், பாஸ்டன் ஆஸ்பத்திரியில் இரவில் மலச்சட்டி கழுவி, ஹார்வர்டில் படித்தார். 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். 1945-ல் அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு மருந்து ரெடி!

டூப்ளிகேட் மருந்து

பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் வகை மருந்தைக் கொடுத்தார். நோய் முற்றியது! புற்று அணுக்களுக்கும் அதுதான் தீனி.

தீனியைத் தடுத்தால்? சுப்பாராவ் குழு அசலைப் போலவே ஒரு டூப்ளிகேட் செய்தது. பெயர் அமினோப்டெரின். அசல் என்று நினைத்து வாங்கிக்கொண்ட புற்று அணுக்கள் பெருக முடியாமல் திணறின. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகம்தான். ஆனால் அதுவரை எதுவும் கேட்காத நோய் ஆயிற்றே!

1948 ஜூனில் இந்த முடிவு வெளியானது. ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்தார். வயது 53. ஊர் திரும்பவே இல்லை. மனைவியையும் மறுபடி பார்க்கவில்லை.

அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட், ரத்தப் புற்றுக் குழந்தைகளுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது.