இரு செவிக்கும் விருந்தளித்த பிளம்லைன்

மதுரை தங்கம் தியேட்டரை மறந்தவர் உண்டா? 1952-ல் பராசக்தி படத்துடன் திறந்த அந்த மாபெரும் அரங்கு இன்று இல்லை. அக்காலக் கொட்டகைகளில் நடிகர் திரையின் ஓரத்தில் நின்று பேசுவார். குரலோ ஒலிபெருக்கி இருக்கும் இடத்திலிருந்தே வரும். நாம் யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. நமக்கு வெகு முன்பே லண்டனில் ஒருவர் நினைத்தார். அவர்தான் ஆலன் பிளம்லைன்.

1903 ஜூன் 29-ந் தேதி பிறந்தவர். ஏழு வயதில் வீட்டு அழைப்பு மணியைப் பழுது பார்த்துவிட்டு, மின்சார எஞ்சினீயர் என்று கையெழுத்திட்டுத் தகப்பனாருக்கே பில் நீட்டினாராம்! 1929-ல் கொலம்பியா கிராபோபோன் கம்பெனியில் சேர்ந்தார். 1931-ல் அது ஈ.எம்.ஐ. கம்பெனியில் இணைந்தது.

பின்னாளில் மனைவியான டோரீனுடன் படம் பார்க்கப் போனபோது, நடிகருடன் குரலையும் நடக்க வைக்கும் வழி அவருக்கு உதித்ததாகச் சொல்வார்கள். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஸ்டீரியோ முறைக்குப் பேடண்ட் மனுக் கொடுத்தார். 1934-ல் சர் தாமஸ் பீச்சம் நடத்திய மொஸார்ட் ஸிம்பனி ஒத்திகை அம்முறையில் இசைத்தட்டில் பதிவாயிற்று.

வால்வு ஆம்பிளிபயரையும் அவர் விடவில்லை. வால்வின் ஸ்கிரீன் கிரிட்டை அவுட்புட் டிரான்ஸ்பார்மர் சுருளின் இடையே ஓரிடத்தில் இணைக்கும் முறைக்கு 1937-ல் பேடண்ட் மனுச் செய்தார். 1951-ல் அமெரிக்கர்களான ஹாப்லரும் கெரோஸும் அதை அல்ட்ரா லீனியர் என்ற பெயரில் பிரபலமாக்கினர்.

வால்வு பல ஆயிரம் ஓம் சுமையை விரும்பும்; ஒலிபெருக்கியோ நாலு, எட்டு, பதினாறு ஓம்தான். இரண்டையும் சம்பந்தம் பேசி முடிப்பது இந்த டிரான்ஸ்பார்மரே. ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டும். இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். ஒன்று எரிந்து போக, கிடைத்த வேறொன்றை மாட்டினால் வந்தது வினை! நடுவில் அமர்ந்து பாட வேண்டிய நம் மதுரை எம்.எஸ். ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவார். பாலன்ஸ் குமிழைத் திருகினால் சத்தம் சமமாகும். ஒரு பக்கம் மெலிந்த மிருதங்கத் தொப்பி திரும்பாது. பழைய செட்டைக் காப்பாற்றி வருவோர் ஜோடியாகவே மாற்றுவது நலம்.

யுத்தம் வந்ததும் பிளம்லைன் ரேடார் வேலையில் இறங்கினார். 1942 ஜூன் 7-ந் தேதி, ஹாலிபாக்ஸ் விமானத்தில் எச்.டூ.எஸ். ரேடாரைப் பரீட்சித்துக்கொண்டிருந்தபோது எஞ்சின் தீப்பற்றியது. சரியாக முறுக்கப்படாத ஒரு நட்டுதான் காரணம். பதினொரு பேரும் மாண்டனர். அவருக்கு வயது 38, பேடண்டுகள் 128. யுத்த ரகசியம் என்பதால் மரணச் செய்தி மறைக்கப்பட்டது.

ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளில் பரவலாக விற்பனைக்கு வந்தது 1958-ல்.