கண்ணின் ரகசியம் கண்ட ஹெல்ம்ஹோல்ட்ஸ்

ஜோலார்பேட்டையில் ரயில் நிற்கிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு வண்டி. சற்று நேரத்தில் நம் வண்டி புறப்பட்டுவிட்டது போல் தோன்றுகிறது. மறுபக்க ஜன்னல் வழியே பார்த்தால் டீக்கடை நின்ற இடத்திலேயே இருக்கிறது. நகர்ந்தது பக்கத்து வண்டிதான். ஊருக்குப் போய்வரும் நம்மில் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. அப்படியானால் ஏமாந்தது எது?

இதுபோன்ற மயக்கங்களை விஞ்ஞான முறைப்படி ஆராய்ந்தவர் ஜெர்மானிய மேதை ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஏமாறுவது கண் அல்ல, கண் அனுப்பும் செய்தியை வைத்து முடிவு கட்டும் மனமே என்று அவர் விளக்கினார். இன்று மூளையையும் பார்வையையும் ஆராய்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

வாத்தியார் மகன்

பெர்லினுக்கு அருகே பாட்ஸ்டாம் என்ற ஊரில் 1821 ஆகஸ்டு 31-ம் தேதி ஹெல்ம்ஹோல்ட்ஸ் பிறந்தார். தந்தை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். வீட்டில் மூத்த பிள்ளை இவரே. சிறு வயதில் நோயாளிப் பிள்ளை. மனப்பாடம் செய்வது அவருக்கு எட்டிக்காயாகக் கசந்தது. ஆனால் மரக்கட்டைகளை அடுக்கி விளையாடியே ஜியோமிதியின் உண்மைகள் பலவற்றைத் தாமாகவே தெரிந்துகொண்டார். வகுப்பில் லத்தீன் பாடம் நடக்கும்போது இவர் மேஜைக்கு அடியில் ஒளிக்கதிர்கள் லென்ஸ் வழியே செல்லும் பாதையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

பௌதிகம் படிக்க வேண்டும் என்பதே அவரது ஆசை. வாத்தியார் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா? பெர்லினில் ராணுவத்துக்கு டாக்டர்களைத் தயாரிக்கும் கல்லூரி ஒன்று இருந்தது. படிப்பு இலவசம். ஆனால் படித்து முடித்தபின் 8 ஆண்டுகள் ராணுவத்தில் வேலை செய்ய வேண்டும். 1838-ல் அதில் சேர்ந்தார். படிக்கும் காலத்தில் டைபஸ் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாணவர் என்பதால் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அந்த நாட்களில் செலவாகாமல் மிஞ்சிய உதவித்தொகையைக் கொண்டு ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார். 1842-ல் டாக்டர் பட்டம் பெற்றுத்தந்த நரம்பு ஆராய்ச்சியை அதை வைத்தே செய்தார்.

பிறகு சொந்த ஊரிலேயே ராணுவ டாக்டர் உத்தியோகம். 26 வயது நிறையும் முன்பே, 1847-ல், சக்தி அழிவதில்லை, உருவம்தான் மாறுகிறது என்ற தத்துவத்தைக் கணக்கு வழியில் நிறுவிக் கட்டுரை எழுதினார். பெயர்பெற்ற விஞ்ஞானப் பத்திரிகை ஒன்று அதை ஏற்க மறுத்தது. அவர் மனம் தளரவில்லை. சிறு பிரசுரமாக வெளியிட்டார். பிற்காலத்தில் அதுவே பௌதிகத்தின் அஸ்திவாரங்களில் ஒன்றாகக் கருதப்பட்டது. அறிஞர் ஹம்போல்ட்டின் முயற்சியால் 1848-ல் ராணுவம் அவரை முன்கூட்டியே விடுவித்தது. மறு ஆண்டு கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியரானார். அந்த ஊர் இன்று ரஷ்யாவில் கலினின்கிராடு என்ற பெயரில் உள்ளது.

எக்ஸ்பிரஸ் வேகம்

நரம்பு வழியே செய்தி எவ்வளவு வேகத்தில் போகிறது? அளக்க முடியாத வேகம் என்றுதான் அக்கால அறிஞர்கள் எண்ணினார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸின் குருவான ஜோஹன்னஸ் முல்லரின் கருத்தும் அதுவே. சிஷ்யர் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். தவளைக் காலின் தசையோடு சேர்ந்த நரம்பை எடுத்துக்கொண்டார். தசைக்கு அருகே ஒரு முறையும், தள்ளி ஒரு முறையும் மின்சாரத்தால் நரம்பைத் தூண்டினார். தள்ளித் தூண்டியபோது தசை சற்றே தாமதித்துத் துடித்தது. வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே ஆன அந்தத் தாமதத்தை அவர் அளந்துவிட்டார். சோதனைக் குறிப்புகளை எழுதி உதவியவர் அவருடைய மனைவி ஓல்கா.

1850-ல் வெளியான விடை உலகத்தைத் திகைக்க வைத்தது. தவளை நரம்பில் செய்தி செல்லும் வேகம் வினாடிக்குச் சுமார் 27 மீட்டர்தான். அதாவது மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நம் எக்ஸ்பிரஸ் வண்டி ஓடும் வேகம்! நினைத்த மாத்திரத்தில் எல்லாம் நடந்துவிடுகிறது என்ற எண்ணம் அன்றோடு உடைந்தது. நாம் உணரும் எதுவும் ஒரு கணம் தாமதித்தே நமக்குத் தெரியவருகிறது.

அட்டையும் பசையும்

அதே ஆண்டு அவர் இன்னொரு காரியமும் செய்தார். கண்ணின் நடுவே உள்ள பாவை ஏன் கறுப்பாகத் தெரிகிறது? உள்ளே நுழைந்த ஒளி வந்த வழியே திரும்பி விளக்கை நோக்கியே போகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் நம் கண்ணும் விளக்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஆனால் நாம் அங்கே தலையை நீட்டினால் விளக்கையே மறைத்துவிடுகிறோம்.

இதற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ட வழி மிக எளியது. சாய்வாக ஒரு கண்ணாடித் தகடு. பக்கவாட்டில் உள்ள விளக்கின் ஒளி அதில் பட்டு நோயாளியின் கண்ணுக்குள் போகும். திரும்பி வரும் ஒளியில் ஒரு பகுதி அந்தக் கண்ணாடியை ஊடுருவி டாக்டரின் கண்ணை அடையும். அட்டை, பசை, மூக்குக்கண்ணாடி லென்ஸ், மைக்ராஸ்கோப்புக்கான மெல்லிய கண்ணாடித் தகடுகள் ஆகியவற்றைக் கொண்டே முதல் கருவியைச் செய்துவிட்டார். ஆப்தல்மாஸ்கோப் எனப்படும் அந்தக் கருவியைப் பற்றிய நூல் 1851-ல் வெளிவந்தது. அதுவரை, வெளியே தெளிவாக இருக்கும் கண் ஏன் குருடாகிறது என்று தெரியாமல் டாக்டர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். இப்போது உயிருள்ள மனிதனின் விழித்திரையும், அதன் ரத்தக் குழாய்களும், மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பின் முனையும் நேரிலேயே தெரிந்தன.

புகையும் நெருப்பும்

கண்ணுக்குள் பார்த்தவர் அதோடு நிற்கவில்லை. விழித்திரையில் விழுவது ஒரு தட்டையான படம், அதுவும் தலைகீழாக. அதிலிருந்து தூரமும் கனமும் உள்ள உலகம் நமக்கு எப்படிக் கிடைக்கிறது? 1856 முதல் 1867 வரை மூன்று பாகங்களாக வெளியான அவரது பார்வை இயல் நூல் இதற்கு விடை சொன்னது. புகையைக் கண்டதும் நெருப்பு இருக்கிறது என்று நாம் அனுமானிக்கிறோம் அல்லவா? அதுபோல, கண் தரும் அடையாளங்களையும் பழைய அனுபவத்தையும் சேர்த்து மனம் ஓர் அனுமானத்துக்கு வருகிறது. நமக்கே தெரியாமல் கணப்பொழுதில் நடந்துவிடுவதால், அனுமானித்தோம் என்றே தோன்றுவதில்லை. பார்த்தோம் என்கிறோம்.

இதற்குத் தம் பிள்ளைப் பருவத்திலிருந்தே ஓர் உதாரணம் தந்தார். பாட்ஸ்டாமில் ஒரு கோயில் கோபுரத்தின் உச்சியில் நின்ற ஆட்களைப் பொம்மைகள் என்று எண்ணி, எடுத்துத் தரும்படி தாயாரிடம் கேட்டாராம். தூரத்தில் இருப்பது சிறியதாகத் தெரியும் என்பதைக் குழந்தை பழகித்தான் அறிந்துகொள்கிறது.

வாசகர்களும் ஒன்றைச் செய்து பார்க்கலாம். (கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வேண்டாம்.) கண்ணை மூடி, அதன் வெளிக்கோடியை விரலால் மிக மெல்ல அழுத்துங்கள். ஒளி வட்டம் ஒன்று மூக்குப் பக்கத்தில் தெரியும். அழுத்தியது ஒரு பக்கம், தெரிவது மறுபக்கம்! விழித்திரையின் அந்த இடத்தில் வழக்கமாக ஒளி விழுவது மூக்குப் பக்கத்திலிருந்துதான். ஆகவே மூளை பழக்கப்படி முடிவு கட்டிவிடுகிறது.

ராமனின் மறுப்பு

நிறங்களைப் பற்றி ஆங்கிலேயரான தாமஸ் யங் 1802-ல் கூறியதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் வளர்த்தார். கண்ணில் மூன்று வகை நிற உணர்வுகளே உண்டு, மற்ற நிறங்கள் அவற்றின் கலவை என்றார். எவால்ட் ஹெரிங் என்ற ஜெர்மானியர் இதைக் கடுமையாக எதிர்த்தார். சிவப்பும் பச்சையும், மஞ்சளும் நீலமும் எதிரெதிர் ஜோடிகளாகவே இயங்குகின்றன என்றார்.

எதிர்த்தவர்களில் நம்மவரும் ஒருவர் உண்டு. திருவானைக்காவலில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து மறைந்த சர் சி. வி. ராமன், தம்மை உருவாக்கிய நூல்கள் மூன்றில் ஒன்றாக ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஒலியியல் நூலைப் போற்றியவர். ஆனால் எண்பதை நெருங்கிய வயதில், 1968-ல் பெங்களூரிலிருந்து வெளியிட்ட பார்வை பற்றிய நூலில், அதே குருவின் மூன்று நிறக் கொள்கையை மறுத்தார். விழித்திரையில் மூன்று வகை நிற அணுக்கள் இருப்பதை 1964-லேயே அமெரிக்காவில் அளந்து காட்டியிருந்தார்கள். அந்த அணுக்களுக்கு அப்பால் நரம்புகளில் ஹெரிங் சொன்ன எதிர் ஜோடிகளும் உண்டு என்பது தெளிவாயிற்று. வாதாடிய இரு ஜெர்மானியர்கள் சொன்னதும் அதனதன் இடத்தில் சரியே.

கடைசி நாட்கள்

பான், ஹைடல்பர்க் பல்கலைக்கழகங்களில் பணியாற்றியபின், 1871-ல் பெர்லினில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார். வறுமையால் கைவிட்ட ஆசை 50 வயதில் நிறைவேறியது. வானொலி அலைகளைக் கண்டுபிடித்த ஹெர்ட்ஸ் அவரது மாணவரே. 1893-ல் அமெரிக்கா சென்று திரும்புகையில் கப்பல் படிக்கட்டில் விழுந்து அடிபட்டார். அடுத்த ஆண்டு பக்கவாதம் தாக்க, 1894 செப்டம்பர் 8-ம் தேதி 73-வது வயதில் காலமானார்.

சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் விழித்திரையின் ரத்தக் குழாய்களைக் கெடுப்பதையும், மூளையில் அழுத்தம் கூடினால் பார்வை நரம்பின் முனை வீங்குவதையும் டாக்டர்கள் கண்ணுக்குள் பார்த்தே கண்டுபிடிக்கிறார்கள். அந்த வழியைத் திறந்தது 1851-ன் அட்டைக் கருவி. சர்க்கரை நோயாளிகள் பலர், பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிடுகிறார்கள். விழித்திரை கெடத் தொடங்கிய பின்னும் பார்வை நன்றாகவே தெரியலாம். உள்ளே நடப்பது நமக்குத் தெரியாது, கருவி வைத்துப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே அவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டிக்கொள்வது அவசியம்.