பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர்: தோற்ற மசோதாக்கள் சட்டமான வரலாறு

அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவராகவும் சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சராகவும் நாடறிந்தவர் டாக்டர் பி.ஆர்.அம்பேத்கர். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பம்பாய் மாகாணச் சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய பணி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அங்கு அவர் கொண்டுவந்த இரண்டு முக்கிய மசோதாக்களும், அவர் உறுப்பினராக இருந்த காலத்தில் நிறைவேறவில்லை. எனினும், அவற்றின் நோக்கங்கள் பின்னாளில் சட்டமாயின.

நியமன உறுப்பினர்

இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் ராணுவக் குடியிருப்பில் 1891 ஏப்ரல் 14 அன்று பிறந்த அம்பேத்கர், நியூயார்க்கிலும் லண்டனிலும் உயர்கல்வி முடித்து, பாரிஸ்டராக 1923ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். 1927 பிப்ரவரியில், ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிரதிநிதியாகப் பம்பாய் சட்டமன்றக் கவுன்சிலில் பதவியேற்றார். ஆளுநரின் நியமனத்தால் வந்தவர் என்றபோதிலும், அரசை விமர்சிக்க அவர் தயங்கவில்லை.

பதவியேற்ற சில நாட்களிலேயே நிதிநிலை அறிக்கை மீது பேசிய அவர், நிலவரியின் அநீதியைச் சுட்டிக்காட்டினார். வருமான வரிக்கு விலக்கு வரம்பு உண்டு. துண்டு நிலம் வைத்திருக்கும் ஏழை விவசாயிக்கோ அத்தகைய விலக்கு எதுவும் இல்லை என்பது அவரது வாதம். மது விற்பனையால் மக்களிடமிருந்து ஈட்டும் தொகைக்கு நிகராகவேனும் கல்விக்கு அரசு செலவிட வேண்டும் என்றும் அவர் கோரினார்.

பொது நீர்நிலைகளைத் தீண்டாமைக்கு ஆளானோருக்குத் திறந்துவிடும் தீர்மானத்தை எஸ்.கே.போலே முன்மொழிய, இதே கவுன்சில் 1923ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றியிருந்தது. ஆனால், அது ஏட்டளவில் நின்றது. 1927 மார்ச் 20 அன்று மஹாத் நகரின் சவதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோருடன் அம்பேத்கர் நீர் அருந்தியது, அந்தத் தீர்மானத்துக்கு உயிர் கொடுக்கும் முயற்சியாகவே அமைந்தது. அவைக்குள் வாதம், அவைக்கு வெளியே போராட்டம் என்ற இந்த முறையை அவர் பின்னரும் கைக்கொண்டார்.

அதே ஆண்டு அக்டோபரில், சிறு நிலங்கள் துண்டாடப்படுவதைத் தடுக்கும் அரசு மசோதாவை அவர் எதிர்த்தார். நிலமற்றோர் பெருகவே அது வழிவகுக்கும் என எச்சரித்து, கூட்டுறவு விவசாயத்தை மாற்றாக முன்வைத்தார். 1928இல், ஆலைகளில் பணிபுரியும் பெண்களுக்கான மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். அச்செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்பதே முறை என்றாலும், பெண்களின் உழைப்பால் பயனடையும் முதலாளிகளும் பொறுப்பேற்க வேண்டும் என்றார். அது 1929இல் சட்டமானது.

வத்தன் மசோதா

அம்பேத்கர் பிறந்த மகர் சமூகத்தினர், பரம்பரையாகக் கிராம ஏவல் பணிகளைச் செய்யக் கடமைப்பட்டிருந்தனர். வத்தன் எனப்பட்ட அம்முறையில், இரவு பகல் பாராத உழைப்புக்கு ஈடாகச் சிறிதளவு நிலமும் ஊராரிடமிருந்து தானியமும் மட்டுமே கிடைத்தன. விரும்புவோர் முழு நிலவரி செலுத்தி, நிலத்தை இழக்காமலேயே அக்கட்டாயப் பணியிலிருந்து விடுபட வழிசெய்யும் மசோதாவை 1928 மார்ச்சில் அவர் கொண்டுவந்தார். அரசின் எதிர்ப்புக்கிடையே 1929இல் அதைத் திரும்பப் பெற நேர்ந்தது.

தேர்தல் களம்

1936 ஆகஸ்டில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை அம்பேத்கர் தொடங்கினார். மறு ஆண்டு நடந்த மாகாணத் தேர்தலில், 175 இடங்கள் கொண்ட பேரவைக்கு அக்கட்சி 17 தொகுதிகளில் போட்டியிட்டு 14 இடங்களை வென்றது. பம்பாய் நகரில் அம்பேத்கரை எதிர்த்து நின்ற காங்கிரஸ் வேட்பாளர், புகழ்பெற்ற சுழற்பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு ஆவார். இளமையில் தாம் போற்றிய அவரை, 13,245 வாக்குகள் பெற்று அம்பேத்கர் வென்றார். பாலு பெற்றவை 11,225 வாக்குகள்.

1937 செப்டம்பரில், கொங்கண் பகுதியின் கோத்தி முறையை ஒழிக்கும் மசோதாவை அவர் அறிமுகப்படுத்தினார். அரசுக்கு வரி வசூலித்துத் தரும் இடைத்தரகர்களான கோத்துகள், குத்தகை விவசாயிகளைக் கசக்கிப் பிழிந்துவந்தனர். இழப்பீடு வழங்கி அவர்களை அகற்றி, உழுபவருக்கு நில உரிமை தருவதே மசோதாவின் சாரம். 1938 ஜனவரி 10 அன்று, ஆயிரக்கணக்கான விவசாயிகள் பம்பாயில் சட்டமன்றத்தை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். ஆயினும் மசோதா நிறைவேறவில்லை.

அதே ஆண்டு பி.ஜி.கேர் தலைமையிலான காங்கிரஸ் அரசு, தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. கட்டாயச் சமரச நடைமுறை முடியும்முன் வேலைநிறுத்தம் செய்வதை அது தண்டனைக்குரிய குற்றமாக்கியது. வேலைநிறுத்தம் என்பது ஒப்பந்த மீறலாகலாமே தவிரக் குற்றமாகாது என அம்பேத்கர் வாதிட்டார். விருப்பமின்றி உழைக்கும்படி சட்டத்தால் நிர்ப்பந்திப்பது அடிமைத்தனம் என்றும் அவர் சாடினார். பெரும்பான்மை பலத்தால் மசோதா நிறைவேறியது. அதைக் கண்டித்து நவம்பர் 7 அன்று, கம்யூனிஸ்டுகளுடன் இணைந்து ஒருநாள் வேலைநிறுத்தத்தை அவர் நடத்தினார்.

பின்னாளில் நிறைவேறியவை

உலகப் போரில் இந்தியாவை ஈடுபடுத்தியதைக் கண்டித்து 1939இல் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியதும், மாகாண நிர்வாகம் ஆளுநர் வசம் சென்றது. 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் நலப் பொறுப்பை ஏற்ற அம்பேத்கர், சுரங்கப் பெண் தொழிலாளருக்கான மகப்பேறு உதவிச் சட்டத் திருத்தத்தையும் தொழிற்சங்க அங்கீகாரத்துக்கான மசோதாவையும் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்தார்.

பம்பாயில் அவர் விட்டுச்சென்ற பணிகளை அடுத்து வந்த அரசுகள் முடித்துவைத்தன. கோத்தி ஒழிப்புச் சட்டம் 1949இல் நிறைவேறியது. வத்தன் முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1958ஆம் ஆண்டில். அம்பேத்கர் தமது மசோதாவை அவையில் வைத்து அப்போது 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மறைந்து இரண்டாண்டுகள் நிறைவடையும் தறுவாயில் இருந்தன.